ஆதார் செல்லாது: நேபாளம், பூட்டான் போகும் முன் பார்க்க வேண்டிய காகிதங்கள்

நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் போக இந்தியருக்கு பாஸ்போர்ட் தேவையில்லை. உண்மைதான். ஆனால் இதை "ஏதாவது ஓர் அடையாள அட்டை இருந்தால் போதும்" என்று புரிந்துகொண்டு, ஆதாரை மட்டும் பையில் போட்டுக்கொண்டு டெல்லி விமான நிலையம் வரை போய், செக்-இன் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பப்படுகிறவர்களும் உண்டு. டிக்கெட் பணமும் போச்சு, போக்ராவில் முன்பணம் கட்டிய ஹோட்டலும் போச்சு.

ஆதார் ஏன் செல்லாது? அது குடியுரிமைச் சான்று கிடையாது. இந்தியாவில் போதிய காலம் வசிக்கும் வெளிநாட்டுக்காரரும் ஆதார் எடுக்க முடியும். பான் கார்டும் டிரைவிங் லைசென்ஸும் அப்படியே. வாக்காளர் பட்டியலில் மட்டும்தான் இந்தியக் குடிமகன் அல்லாதவர் சட்டப்படி இடம்பெற முடியாது. எல்லையில் இருப்பவர் கேட்பது "நீ யார்?" என்பதை மட்டுமல்ல, "நீ எந்த நாட்டுக்காரன்?" என்பதையும். அதனால்தான் பாஸ்போர்ட்டுக்கு அடுத்த இடம் தேர்தல் ஆணையம் தந்த புகைப்பட அட்டைக்கு, அதாவது நாம் ஓட்டர் ஐடி என்று சொல்வதற்கு.

விமானத்தில் நேபாளம் போக 15 வயது முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்று கட்டாயம்: காலாவதியாகாத பாஸ்போர்ட், அல்லது ஓட்டர் ஐடி. இரண்டும் தொலைந்துபோனால் தூதரகம் தரும் அவசரச் சான்றிதழ் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. அது ஊர் திரும்புவதற்கானது, சுற்றுலா கிளம்புவதற்கானது அல்ல. காலாவதியான பாஸ்போர்ட்டை "அடையாளத்துக்குத்தானே" என்று நீட்டுவார்கள் சிலர். அதற்கு மதிப்பில்லை.

65 வயதைத் தாண்டியவர்களுக்கும் 15 வயது நிரம்பாதவர்களுக்கும் சலுகை இருக்கிறது. வயதையும் ஆளையும் உறுதிசெய்யும் படத்துடன் கூடிய ஏதாவது ஓர் ஆவணம் போதும். ஆதார் செல்லுபடியாவது இங்கே மட்டும்தான். தாத்தா ஆதாரில் போய் வந்தார் என்பதைக் கேட்டுவிட்டு நாற்பது வயது மகன் ஆதாருடன் கிளம்புவது இப்படித்தான். 15 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஓட்டர் ஐடியே கிடைக்காது என்பதால், பள்ளி முதல்வர் அதற்கான படிவத்தில் படம் ஒட்டிக் கையெழுத்திட்டுத் தரும் சான்றிதழை ஏற்கிறார்கள். கோடை விடுமுறையில் பயணம் என்றால் பள்ளி மூடும் முன்பே இதை வாங்கிவிட வேண்டும். மே இரண்டாவது வாரத்தில் முதல்வரைத் தேடி அலைவது வீண்.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு இன்னொரு விதி உண்டு. குடும்பத்தில் பெரியவர் ஒருவரிடம் பாஸ்போர்ட்டோ ஓட்டர் ஐடியோ இருந்தால், மற்றவர்கள் படமும் உறவுமுறையும் காட்டும் வேறு ஆவணத்தை வைத்துக்கொண்டு கூடப் போகலாம். ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல். நம் ஸ்மார்ட் ரேஷன் கார்டில் படம் குடும்பத் தலைவருடையது மட்டும். மற்றவர்கள் பின்பக்கத்தில் வெறும் பெயர்கள். அதுவும் தமிழில். டெல்லியிலோ மும்பையிலோ கவுண்டரில் நிற்கும் பையனுக்கு அதில் ஒரு எழுத்தும் புரியப் போவதில்லை. விதி நம் பக்கம் இருந்தாலும், விமானம் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருக்கையில் விதியை விளக்கி ஜெயிப்பது கஷ்டம். அதனால் இந்தக் குடும்பச் சலுகையைக் கடைசிக் கையிருப்பாக வைத்துக்கொள்வது நல்லது. பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஓட்டர் ஐடி அல்லது பாஸ்போர்ட் என்றே திட்டமிடுங்கள்.

பெயர்

அட்டை இருக்கிறது. சரி. அதில் என்ன பெயர் இருக்கிறது என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

தமிழ்நாட்டு ஓட்டர் ஐடிகளில் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான் இருக்கும்: செந்தில்குமார். கீழே தனி வரியில் தந்தை பெயர் ராஜேந்திரன். விமான டிக்கெட் இணையதளமோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டி, இரண்டையும் நிரப்பாமல் நகர விடாது. நாம் வழக்கம்போல செந்தில்குமார் ராஜேந்திரன் என்று அடித்துவிடுவோம். பாஸ்போர்ட் அப்படி இருந்து, அதைக் காட்டிப் போவதாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஓட்டர் ஐடியில் போகும்போது டிக்கெட்டில் இருக்கும் ராஜேந்திரன் அட்டையின் பெயர் வரியில் இருக்க மாட்டார். அட்டையிலேயே தந்தை பெயர் இருப்பதால் பல இடங்களில் விட்டுவிடுவார்கள். விடாத இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

செய்ய வேண்டியது இது. டிக்கெட் போடும் முன்பே எந்த ஆவணத்தைக் காட்டப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். அதில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பெயரை அடியுங்கள். ஒற்றைப் பெயர்க்காரர்கள் இரண்டாம் கட்டத்தில் என்ன போட வேண்டும் என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் அதே பெயரைத் திரும்ப அடிக்கச் சொல்வார்கள். ஏஜென்ட் மூலம் போட்டால் "அட்டையில இருக்கிற மாதிரியே போடுங்க" என்று சொல்லி, அட்டையின் படத்தையும் அனுப்பிவிடுங்கள். இனிஷியலை விரித்து எழுதுவது ஏஜென்ட்டுகளுக்குப் பிடித்த வேலை.

அடுத்தது ஆங்கில எழுத்து. தமிழிலிருந்து கணினி பெயர்த்த பெயர்களில் விபரீதங்கள் நடக்கும். எழிலரசி ஆங்கிலத்தில் எலிலரசி ஆகியிருப்பார், தமிழில் சரியாகவே இருப்பார். வாக்குச்சாவடியில் தமிழ் வரியைப் பார்ப்பதால் இருபது வருடமாக யாருக்கும் தெரியாது. எல்லையில் பார்ப்பது ஆங்கில வரியை மட்டும். பிறந்த தேதி இல்லாமல், குறிப்பிட்ட ஆண்டில் இத்தனை வயது என்று மட்டும் உள்ள பழைய அட்டைகளும், முகமே தெரியாத கறுப்பு வெள்ளைப் படம் போட்ட அட்டைகளும் இன்னும் நிறைய வீடுகளில் உண்டு. இவற்றை மாற்றிவிட்டுப் புறப்படுவதே நல்லது.

திருத்தம், முகவரி மாற்றம், மாற்று அட்டை எல்லாவற்றுக்கும் இப்போது ஒரே படிவம்தான்: படிவம் 8. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலேயே நிரப்பலாம். சரிபார்ப்பு முடிந்து பிளாஸ்டிக் அட்டை அஞ்சலில் வரச் சில வாரங்கள் பிடிக்கும். தேர்தல் நெருங்கும் காலத்தில் இன்னும் இழுக்கும். 2021 ஜனவரியில் அறிமுகமான மின்னணு வாக்காளர் அட்டையைத் தரவிறக்கி, பக்கத்துக் கடையில் பிளாஸ்டிக்கில் அச்சிட்டு எடுத்துப்போகும் பழக்கம் பரவியிருக்கிறது. உள்நாட்டு விமானத்துக்கு அது போதும். எல்லை கடக்க ஆணையம் அனுப்பிய அசல் அட்டையையே நம்புங்கள். மொபைலில் உள்ள படம், லேமினேட் செய்த ஜெராக்ஸ் இவையெல்லாம் கணக்கிலேயே வராது.

இவ்வளவையும் படித்த பிறகு பாஸ்போர்ட்டே எடுத்துவிடலாமே என்று தோன்றினால், அதுதான் சரியான முடிவு. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு கட்டணம் 1,500 ரூபாய், பெரியவர்களுக்கு பத்து வருடம் செல்லும். தட்கல் என்றால் மேலே 2,000. விமான நிறுவன ஊழியர், குடிவரவு அதிகாரி, ஹோட்டல் வரவேற்பாளர் என எல்லோருக்கும் பழகிய ஆவணம் அது. ஓட்டர் ஐடி செல்லும் என்பது சட்டம். பாஸ்போர்ட்டுக்கு விளக்கம் தேவைப்படாது, அவ்வளவுதான் வித்தியாசம். பாஸ்போர்ட் இருப்பவர்களும் ஓட்டர் ஐடியைப் பெட்டியில் தனியாகப் போட்டு வையுங்கள். ஒன்று தொலைந்தால் மற்றது கைகொடுக்கும்.

ஓட்டர் ஐடி உதவாத வழிகள்

இந்தச் சலுகை இந்தியாவிலிருந்து நேரே அந்த நாட்டுக்குப் போய், அங்கிருந்து நேரே இந்தியா திரும்புகிறவர்களுக்கு மட்டும். நடுவில் மூன்றாவது நாடு ஒன்று நுழைந்தால் பாஸ்போர்ட் கட்டாயம்.

சென்னையிலிருந்து காட்மாண்டுவுக்குத் தேடும்போது சில நாட்களில் வெளிநாட்டு நகரம் ஒன்றில் விமானம் மாறும் டிக்கெட் மலிவாக வந்து நிற்கும். அங்கே வெளியே போகாமல் விமானம் மட்டும் மாறினாலும் அது வெளிநாட்டுப் பயணம்தான். ஓட்டர் ஐடிக்காரர்கள் டெல்லி, பெங்களூரு, மும்பை போன்ற இந்திய நகரம் வழியாக மட்டுமே டிக்கெட் எடுக்க வேண்டும். துபாயில் வேலை செய்கிறவர் லீவில் நேரே காட்மாண்டு போய், குடும்பத்தை அங்கே சந்தித்து, எல்லோருமாக ஊர் திரும்பலாம் என்று திட்டம் போட்டால், அவர் பாஸ்போர்ட்டில்தான் வர முடியும். குடும்பம் ஓட்டர் ஐடியில் வரலாம். காட்மாண்டுவிலிருந்து வேறொரு நாட்டுக்கு விமானம் ஏறுகிற இந்தியரிடம் பாஸ்போர்ட்டுடன் இந்தியத் தூதரகத்தின் ஆட்சேபணையில்லாச் சான்றையும் கேட்பது உண்டு. அப்படிப் போகிறவர்கள் தூதரக இணையதளத்தில் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். நேபாளத்திலிருந்து நேரே பூட்டானின் பாரோவுக்கு விமானத்தில் தாவி இரண்டு நாடுகளையும் ஒரே மூச்சில் பார்க்க நினைப்பவர்களுக்கும் பாஸ்போர்ட்தான் பாதுகாப்பு.

கைலாஷ் யாத்திரை இதில் பெரிய குழப்பம். நேபாளம் வழியாகப் போவதால் ஓட்டர் ஐடி போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மானசரோவர் இருப்பது திபெத்தில். சீன விசா வேண்டும். அதற்கு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியுள்ள பாஸ்போர்ட் வேண்டும்.

தரைவழி நேபாளம்

நேபாளத்தின் திறந்த எல்லைக்கு ஆதாரமாக நிற்பது 1950 ஜூலை 31-இல் கையெழுத்தான நட்புறவு ஒப்பந்தம். அதன் ஏழாவது பிரிவு, இரு நாட்டு மக்களும் மறு நாட்டில் நடமாடவும் வசிக்கவும் தொழில் செய்யவும் ஒரேமாதிரி உரிமை தருகிறது. அதனால் சுனௌலி, ரக்சௌல், பானிடாங்கி, பன்பசா போன்ற கடப்புகளில் இந்தியருக்கு முத்திரையும் இல்லை, படிவமும் இல்லை. சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே நாடு மாறிவிடலாம். இந்தியப் பக்கம் எஸ்எஸ்பி என்ற எல்லைக் காவல் படையினரும், அந்தப் பக்கம் நேபாளக் காவலர்களும் சில நேரம் அட்டை கேட்பார்கள், பல நேரம் கையசைத்து அனுப்பிவிடுவார்கள். கேட்க மாட்டார்கள் என்று நம்பி அட்டையில்லாமல் போகாதீர்கள். பாதுகாப்பு எச்சரிக்கை உள்ள நாட்களிலும் இரு நாட்டுத் தேர்தல் நேரத்திலும் சோதனை இறுகும், சில நாட்கள் எல்லையையே மூடுவார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து ரயிலில் போகிறவர்களுக்கு வசதியானது கோரக்பூர். அங்கிருந்து சுனௌலிக்கு பஸ்ஸில் சுமார் 100 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். எல்லை தாண்டினால் பைரஹவா, லும்பினி பக்கத்திலேயே. போக்ராவுக்கும் காட்மாண்டுவுக்கும் அங்கிருந்தே பஸ் உண்டு. மலைப்பாதையில் மழைக்காலத்தில் மண்சரிவு சாதாரணம் என்பதால் ஜூலை, ஆகஸ்டில் திரும்பும் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் இடையே ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.

உங்கள் கூட்டத்தில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஒருவர் இருந்தால் கவனம் தேவை. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மச்சான், சிங்கப்பூர் சித்தப்பா, இலங்கையிலிருந்து வந்த அத்தை, யாராக இருந்தாலும். அவர்களுக்கு இந்தத் திறந்த எல்லை பொருந்தாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் பொருந்தாது. அது இந்தியாவுக்குள் செல்லும் சலுகை மட்டுமே. அவர்கள் இந்தியக் குடிவரவு அலுவலகத்தில் வெளியேறும் முத்திரையும், எதிர்ப்பக்கம் நேபாள அலுவலகத்தில் விசாவும் வாங்கியே ஆக வேண்டும். 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50, 90 நாளுக்கு 125. இலங்கை போன்ற சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஓர் ஆண்டில் முதல் 30 நாள் இலவசம், ஆனாலும் முத்திரை வேண்டும். சுனௌலியில் இந்திய அலுவலகம் கடைகளோடு கடையாக இருக்கும். கூட்டத்தோடு பேசிக்கொண்டே நடந்தால் தெரியாமலே தாண்டிவிடலாம், யாரும் தடுக்கவும் மாட்டார்கள். திரும்பும்போதுதான் முத்திரை எங்கே என்ற கேள்வி வரும், அபராதத்தோடு.

சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு அட்டையை விட முக்கியமானது பன்சார். நேபாளியில் சுங்கம் என்று பொருள். எல்லையில் உள்ள சுங்க அலுவலகத்தில் வண்டியின் அசல் ஆர்சி, லைசென்ஸ், அடையாள அட்டை காட்டி, எத்தனை நாள் என்று சொல்லி, நாள் கணக்கில் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். நுழையும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள் போதும் என்று தோன்றினால் ஏழு நாளுக்குக் கட்டுங்கள். இரண்டு நாள் கட்டணம் அதிகம் போவது சின்ன விஷயம். சீட்டில் உள்ள தேதி தாண்டியபின் மாட்டினால் அபராதம் அதைவிடப் பல மடங்கு. ஒரு வண்டிக்கு ஆண்டுக்கு 30 நாள்தான் மொத்த அனுமதி. வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால் அவர் தந்த அதிகாரக் கடிதம் வேண்டும். மாமனார் காரை எடுத்துக்கொண்டு ஓட்டிப்போகும் மாப்பிள்ளைகள் மறப்பது இதைத்தான்.

பணம். ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய், 1993 முதல் மாறாத விகிதம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளுக்கு நேபாள அரசு 2018 டிசம்பரில் தடை விதித்தது. பெரிய நோட்டு பற்றிய விதி இரு பக்கமும் அவ்வப்போது மாறுகிறது என்பதால், கிளம்பும் முன் வங்கியில் 100 ரூபாய்க் கட்டுகளாக வாங்கிப் போவதே குழப்பமில்லாத வழி. 2024 மார்ச்சில் யுபிஐ அங்கே கடைகளில் ஸ்கேன் செய்யும் வசதியோடு வந்துவிட்டது. காட்மாண்டு, போக்ராவில் உதவும். மலைமேல் ஜோம்சோம் பக்கம் போனால் கையில் காசு வேண்டும். கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளிவையுங்கள்.

வைணவர்களின் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம், அதாவது முக்திநாத், போகிறவர்களுக்கு இன்னொரு காகிதம் கூடுதல். கோயில் இருப்பது அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் என்பதால் அதற்கான பர்மிட் வேண்டும். இந்தியர் உட்பட சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்ற நாட்டவருக்கு 3,000. போக்ராவிலோ காட்மாண்டுவிலோ சுற்றுலா வாரிய அலுவலகத்தில் கிடைக்கும். பாஸ்போர்ட் அளவுப் படங்கள் நாலைந்து எப்போதும் கையில் இருக்கட்டும். போக்ராவிலிருந்து ஜோம்சோம் விமானம் 20 நிமிடம்தான், ஆனால் பகல் ஏற ஏறக் காற்று பலமாவதால் காலையில் மட்டுமே பறக்கும். அன்று ரத்தானால் அடுத்த நாள் காலைதான், அல்லது ஜீப்பில் ஒரு முழு நாள். கோயில் 3,700 மீட்டருக்கு மேல். வயதானவர்களை அழைத்துப்போகிறவர்கள் ஜோம்சோமில் ஒரு இரவு தங்கி மேலே ஏறுவது மூச்சுக்கு நல்லது.

பூட்டான் வேறு மாதிரி

பூட்டானும் நேபாளம் போலத்தான் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். விசா இல்லை, ஆனால் நுழைவு பர்மிட் உண்டு. பர்மிட்டுக்கு ஆறு மாதமாவது செல்லுபடியுள்ள பாஸ்போர்ட் அல்லது ஓட்டர் ஐடி, படம், தங்குமிட முன்பதிவு, எங்கெங்கே போகிறோம் என்ற விவரம் எல்லாம் வேண்டும். முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பிக்கலாம், எல்லை ஊரான புன்ட்ஷோலிங்கிலோ பாரோ விமான நிலையத்திலோ போய் வாங்கவும் செய்யலாம். இணையத்தில் முடித்துவிட்டுப் போனால் அரை நாள் மிச்சம். இங்கும் பெரியவர்களுக்கு ஆதார் ஏற்கப்படாது. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட் அல்லது ஆங்கிலத்தில் உள்ள அசல் பிறப்புச் சான்றிதழ். தமிழில் மட்டும் உள்ள பழைய சான்றிதழ் என்றால், ஊரிலேயே இருமொழிச் சான்றிதழாக வாங்கிக்கொள்ளுங்கள். பெற்றோர் இல்லாமல் சித்தப்பாவோடு அனுப்புவதாக இருந்தால் பெற்றோரின் கடிதமும் அவர்கள் அட்டை நகலும் கூடவே போகட்டும்.

பிறகு எஸ்டிஎஃப் என்று சொல்லப்படும் நிலையான வளர்ச்சிக் கட்டணம். கொரோனாவுக்குப் பிறகு 2022 செப்டம்பர் 23-இல் எல்லை திறந்ததிலிருந்து இந்தியருக்கு ஓர் இரவுக்கு ஆளுக்கு 1,200 நுல்ட்ரம். நுல்ட்ரமும் நம் ரூபாயும் சம மதிப்பு. 6 முதல் 12 வயது வரை பாதி, அதற்குக் கீழே இலவசம். கணவன், மனைவி, பத்து வயதுப் பிள்ளை, நாலு வயதுப் பிள்ளை என்று நாலு இரவு போனால்: பெரியவர்களுக்கு 9,600, மூத்த பிள்ளைக்கு 2,400, ஆக 12,000 ரூபாய். ஹோட்டலும் சாப்பாடும் இதற்கு மேல். பட்ஜெட் போடும்போது பலர் விடுவது இந்த வரியைத்தான்.

வண்டி கொண்டுபோகிறவர்களுக்கு இன்னும் பெரிய அடி: வெளிநாட்டு வண்டிக்கு நாளொன்றுக்கு 4,500. ஐந்து நாளுக்கு 22,500. இந்தக் கணக்கைப் பார்த்தபின் பெரும்பாலோர் செய்வது, காரை எல்லையின் இந்தியப் பக்கத்து ஊரான ஜெய்காவில் வண்டிக் காப்பகம் உள்ள ஹோட்டலில் விட்டுவிட்டு, உள்ளே பூட்டான் டாக்ஸி பிடிப்பது. பைக் ஓட்டிகளுக்கு மனசு கேட்காது, அது வேறு.

வழி எளிது. ரயிலில் ஹாசிமாரா, அல்லது விமானத்தில் பாக்டோக்ரா; அங்கிருந்து ஜெய்காவ். ஜெய்காவும் புன்ட்ஷோலிங்கும் ஒரே ஊர் மாதிரி, நடுவே ஒரு வாயில். பகலில் புன்ட்ஷோலிங் கடைத்தெருவைச் சுற்றிவிட்டுத் திரும்ப எஸ்டிஎஃப் கிடையாது. மேலே திம்பு போகும் சாலையில் சில கிலோமீட்டரில் ரிஞ்சென்டிங் சோதனைச்சாவடி. அங்கே பர்மிட் இல்லாதவர் இறக்கப்படுவார். திம்புவுக்கு சுமார் 150 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேர மலைப்பாதை. கூகுள் காட்டும் நேரத்தை நம்பி மாலையில் கிளம்ப வேண்டாம், பனிமூட்டம் இறங்கிவிடும். அலுவலக நேரத்தைப் பூட்டான் கடிகாரத்தில் பாருங்கள், நம்மைவிட அரை மணி முன்னால். ஜெய்காவில் நாலரைக்கு டீ குடித்துக்கொண்டிருந்தால் அங்கே ஐந்தாகியிருக்கும்.

பர்மிட்டில் எழுதிய ஊர்களுக்கு மட்டுமே போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புனாக்கா, ஹா, பும்தாங் போகும் எண்ணம் இருந்தால் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். கூட ஒரு நாள் தங்க ஆசை வந்தால் திம்புவில் நீட்டித்துக்கொள்ளலாம், அந்த இரவுகளுக்கும் எஸ்டிஎஃப் கட்டி. கட்டாமல் தங்கிவிட்டு வெளியேறும்போது மன்றாடுவது நடக்காத காரியம்.

பக்கத்து வீடு, ஆனால் பாஸ்போர்ட்

நாகப்பட்டினத்துக்காரருக்குக் காங்கேசன்துறை எவ்வளவு தூரம்? கடலில் சுமார் 110 கிலோமீட்டர், கப்பலில் நாலு மணி நேரம். காட்மாண்டுவோடு ஒப்பிட்டால் கொல்லைப்புறம். 2023 அக்டோபர் 14-இல் தொடங்கி நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய அந்தக் கப்பலில் ஏற ஓட்டர் ஐடி உதவாது. பாஸ்போர்ட்டும், இலங்கையின் இணையவழிப் பயண அனுமதியும் வேண்டும். ஒரு காலத்தில் தமிழ்நாடு, புதுச்சேரியில் வசிப்பவர்களுக்கு இலங்கைக்கு மட்டும் செல்லும் தனிப் பாஸ்போர்ட்டே தந்துகொண்டிருந்தார்கள், இப்போது இல்லை. கப்பல் பருவமழைக் காலத்தில் நிறுத்தப்படும், பெட்டியின் எடைக்கும் வரம்பு உண்டு. டிக்கெட் எடுக்கும்போது இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதியைப் பெயரில் ஓர் எழுத்துப் பிசகாமல் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எடுக்க வேண்டும். இங்கும் அதே இனிஷியல் பிரச்சினைதான்.

அட்டை தொலைந்தால்

காட்மாண்டுவில் தொலைந்தால் முதலில் பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் எழுதி நகல் வாங்குங்கள். பிறகு லைன்சௌரில் உள்ள இந்தியத் தூதரகம். தொலைந்த பாஸ்போர்ட் அல்லது ஓட்டர் ஐடியின் நகல், இந்தியர் என்று காட்டும் வேறு ஆவணம், படங்கள் இருந்தால் அவசரச் சான்றிதழ் கிடைக்கும். விடுமுறை நாளில் மாட்டிக்கொண்டால் காத்திருக்கத்தான் வேண்டும். பீர்கஞ்சிலும் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, தெற்குச் சமவெளிப் பக்கம் இருப்பவர்களுக்கு அதுவே கிட்டம். பூட்டானில் திம்புவில் தூதரகம், புன்ட்ஷோலிங்கில் துணைத் தூதரகம். அட்டையின் இரு பக்கமும் படமெடுத்து, போனில் மட்டும் வைத்திராமல், ஊரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். அட்டை தொலைகிற நாளில் போனும் அதே பையில்தான் இருந்திருக்கும்.